பதினேழாம் வீட்டு டோக்கன்

ராய்ச்சூர்
10 ஜூன் 2024

செயலாளர் அவர்களுக்கு,
நியூ கோரமண்டல் லேஅவுட் வீட்டு உரிமையாளர் சங்கம், கோலார் தங்கவயல்.

பதினேழாம் எண் வீட்டின் உரிமையாளர் ஷைலா லாய்ட் எழுதுவது. புகார் எதுவானாலும் காகிதத்தில் எழுதித் தரவேண்டும், பதிலும் காகிதத்திலேயே வரவேண்டும் என்பது நம் சங்கத்து விதி. வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்டதை நீங்கள் அழித்துவிட்டீர்கள். நானும் குரூப்பை விட்டு வெளியேறி, உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். ஆகையால் தபால்.

புகார் ஒன்றுதான். பதவிக்கு வந்த சூட்டோடு சூடாக, கேட் பக்கத்துச் சுவரில் இருந்த டோக்கன் பலகையைக் கழற்றியிருக்கிறீர்கள். அது எதற்கு என்று புதுச் செயலாளருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நானே சொல்கிறேன். லேஅவுட்டில் தனியாக இருக்கும் வயசானவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை டோக்கன். காலையில் எழுந்து, கேட் வரை நடந்து வந்து, இடது வரிசையில் தொங்கும் தன் டோக்கனை வலது வரிசைக்கு மாற்றவேண்டும். ஒன்பது மணிக்கு எது இடது பக்கமே நிற்கிறதோ, அந்த வீட்டுக் கதவை யாராவது போய்த் தட்டுவார்கள். சாயங்காலம் வாட்ச்மேன் பாபு எல்லாவற்றையும் பழையபடி இடது பக்கம் மாட்டிவிடுவார்.

என் அப்பா கொர்னேலியஸுக்கு எழுபத்தாறு வயது. அந்த வீட்டில் ஒண்டியாக இருக்கிறார். அந்தப் பலகையை நம்பித்தான் அவரை அங்கே விட்டிருக்கிறேன். பலகை இல்லையென்றால் அவரை இங்கே கொண்டுவரவேண்டும். போன தடவை வந்தபோது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு ரயில் எப்போது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் வீட்டில் இருக்க முடியுமா முடியாதா என்பதுதான் இதில் விஷயம்.

பலகையை மறுபடியும் மாட்டவும்.

ஷைலா லாய்ட்

'தாங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. 'நீங்கள்' வரைக்கும்தான் வந்தது.

*

வீட்டு எண் 31, நியூ கோரமண்டல் லேஅவுட்
18 ஜூன் 2024

ஷைலா லாய்ட் அவர்களுக்கு,

தங்கள் புகார் கிடைத்தது. சங்க முத்திரை குத்தி ஃபைலில் வைத்தாயிற்று. மரியாதை இதோடு முடிந்தது, இனிமேல் நீ, நான்.

பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்னை பிளாக் செய்தாள் என்று தெரிந்த அன்று அழுதேன். மறுநாள் கோபம்தான் வந்தது.

செயலாளர் வேலை எப்படி வந்தது தெரியுமா? பொதுக்குழுவில் தலைவர் ரவிகுமார் சார், "யாராவது பேர் குடுங்க" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கொட்டாவி விடத் தலையைத் தூக்கினேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பை வீட்டுக்கு வந்தது. உள்ளே பூட்டு இல்லாத சாவிகள், காய்ந்துபோன மைப்பெட்டி, பாதி உரித்த இருமல் மிட்டாய். சங்கத்தின் மொத்தச் சொத்து அவ்வளவுதான். முதல் வாரமே ஒன்று புரிந்தது. இங்கே எல்லோருக்கும் விதி வேண்டும், ஆனால் அது பக்கத்து வீட்டுக்கு வேண்டும்.

இருந்தாலும் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, ஷைலா. அம்மா போனபிறகு ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் டிவியைத் தவிர யாரும் பேசுவதில்லை. இப்போது கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்போதே இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். வந்த மாதமே தண்ணீர்த் தொட்டியைக் கழுவவைத்தேன். உள்ளே என்ன கிடந்தது என்று எழுதமாட்டேன், நீயும் அந்தத் தண்ணீரைக் குடித்தவள்.

பலகைக்கு வருகிறேன். எந்தெந்த வீட்டில் வயசானவர் ஒண்டியாக இருக்கிறார் என்று, வீட்டு எண்ணோடு கேட்டிலேயே மாட்டிவைப்பது திருடனுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. மார்ச்சில் ஒண்டியாக இருக்கிற கங்கம்மா வீட்டுப் பின்கதவை ஒருத்தன் உடைத்தானே, அவன் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பான். அதற்குப் பதிலாகப் போனில் ஒரு ஆப் போட்டிருக்கிறேன். காலையில் 'நலம்' என்ற பொத்தானை அழுத்தினால் என் போனில் பச்சை டிக் விழும். ஒன்பதுக்குள் டிக் விழாத வீட்டுக்கு பாபு போவார். மழையில் குடை பிடித்து யாரும் கேட்டுக்கு வரவேண்டாம். யோசித்துத்தான் செய்தேன், மாற்றுவதாக இல்லை.

முத்திரை வைத்திருக்கும்
வினோலியா

*

ராய்ச்சூர்
27 ஜூன் 2024

வினோலியா,

யோசித்துச் செய்தாயாம். யாரோடு யோசித்தாய்? பலகையைச் செய்து மாட்டியவர் அங்கேயே பதினேழாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

அப்பா மைசூர் மைன்ஸில் ஷாஃப்ட் வாயில் நின்றவர். சுரங்கத்துக்குள் போய்வரும் கேஜில் ஏறுகிறவர்களை எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றுவதுதான் அவர் வேலை. இறங்குகிறவன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் ஆணியில் மாட்டுவான். ஒரு ஆணி காலியாக இருந்தாலும் ஷிஃப்ட் முடிந்ததாகக் கணக்கு இல்லை. மேலே வந்தவன்கூட வீட்டுக்குப் போகமாட்டான், அங்கேயே நிற்பான். மைன்ஸ் மூடிய பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருத்தராகத் தனியாகிப் போனபோது, அப்பா அதே ஏற்பாட்டை நம் கேட்டில் வைத்தார். உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது நீ ரயிலில் இருந்தாய். யார் வந்து கதவைத் தட்டினது, ஞாபகம் இருக்கிறதா?

திருடன் விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வீட்டையே இடிப்பார்களா? பழைய செயலாளர்கள் சோம்பேறிகள், எதையும் தொடமாட்டார்கள். நீ சுறுசுறுப்பானவள், எல்லாவற்றையும் தொடுகிறாய். எனக்கு அவர்களே தேவலை.

ஷைலா

*

வீட்டு எண் 31
9 ஜூலை 2024

ஷைலா,

ஞாபகம் இருக்கிறது. அன்று கதவைத் தட்டியது உன் அப்பாதான். அதனால்தான் அவருக்கு ஆப்பை நானே நேரில் போய்க் கற்றுக்கொடுத்தேன். அவர் சொன்னது இது: "இன்னாமா, இம்மாம் சுலுவா இருக்கு? மழையில நடக்க வேணாமா?" நீ அங்கே அவருக்காகக் கொதிக்கிறாய், அவர் இங்கே சந்தோஷமாக அழுத்துகிறார்.

இன்னொன்றும் கேள். லேஅவுட்டில் தினமும் முதல் டிக் பதினேழாம் வீட்டிலிருந்துதான் விழுகிறது. நான் ரயிலில் ஜன்னல் சீட்டைப் பிடிப்பதற்குள் விழுந்துவிடும். கங்கம்மாதான் அடம் பிடிக்கிறார். "எனுக்கு அந்தப் பொத்தானு வேணாம், நான் கத்துனா நாலு தெருவுக்குக் கேக்கும்" என்கிறார். அதுவும் உண்மைதான், விட்டுவிட்டேன்.

தெருவிளக்கு எல்லாம் எரிகிறது. குப்பை வண்டி உள்ளே வருகிறது. ரவிகுமார் சார் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார், பிறகு அவர் வீட்டு வாசலில் வேகத்தடை போடமுடியுமா என்று கேட்டார்.

பிளாக்கை எடு. உனக்குத் தபால் அனுப்ப நான் ராபர்ட்சன்பேட்டை வரை போகிறேன்.

வெற்றி பெற்ற
வினோலியா

*

ராய்ச்சூர்
16 ஜூலை 2024

வினோலியா,

அப்பாவைப் போனில் கேட்டேன். "வினோ பொண்ணு நல்லாத்தான் செஞ்சிருக்கு, நீ ஏன் அதாண்ட சண்டை போடுறே?" என்றார். அவரே அப்படிச் சொன்னபிறகு நான் யார்? புகாரைத் திரும்பப் பெறுகிறேன், ஃபைலில் எழுதிக்கொள். அவர் அங்கேயே இருக்கட்டும்.

பிளாக் அப்படியேதான் இருக்கும். கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது, அது தீரட்டும்.

ஷைலா

*

வீட்டு எண் 31
12 ஆகஸ்ட் 2024

ஷைலா,

நீ பதினேழாம் வீட்டில் இருக்கிறாய், நான் நான்கு வீடு தள்ளி எதிர் வரிசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். பாபு கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் உன் முன்னால் வந்து நின்றபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பேச விட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். கங்கம்மா உனக்கு முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார், அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

அன்று காலை நான் ரயிலில் இருந்தேன். உன் அப்பா வீட்டு டிக் வழக்கம்போல விழுந்தது. முந்தின நாளும் விழுந்தது. ஆபீசுக்காக ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது கங்கம்மா போன் செய்தார். "கொர்னேலு வூட்டு கேட்டுல நேத்து பால் பாக்கெட்டு அப்பிடியே தொங்குது, இன்னிக்கு பாக்கெட்டும் மேல தொங்குது, நீ வந்து இன்னான்னு பாரு" என்றார். நான் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "டிக் விழுந்திருக்கு கங்கம்மா. நல்லா இருக்காரு. தூங்கட்டும் விடுங்க."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது, ஷைலா. அவர் குளியலறை வாசலில் இடுப்பு எலும்பு உடைந்து முந்தின நாளிலிருந்து கிடக்கும்போது, நல்லா இருக்காரு என்று நான் சொன்னேன்.

கங்கம்மா என் பேச்சைக் கேட்கவில்லை. "டிக்கு இன்னாத்துக்கும்மா, பாலு கெட்டுப் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். பாபுவைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னது அவர். கேட்டிருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும். அதற்கு மேல் யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. தரையில் கிடந்தபடி அவர் ஏன் 'நலம்' என்று அழுத்தினார்?

வினோலியா

*

பதினேழாம் வீடு
13 ஆகஸ்ட் 2024

வினோலியா,

அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நான் போன் செய்தேன், தெரியுமா? எடுத்தார். "சாப்ட்டேன்மா, நல்லாக்கீறேன்" என்றார். கிடந்தபடிதான் சொல்லியிருக்கிறார். நானும் நம்பி, பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எனவே உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை. அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்று மருந்து கொடுக்கும்போது கேட்டேன், ஏன் டாடி இப்படிச் செய்தீர்கள் என்று. கோபம் வந்துவிட்டது அவருக்கு. "ஆணி காலியா இருந்தா இன்னா ஆகும் தெரியுமா ஒனக்கு? ஷிஃப்ட் பூரா நிக்கும். பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் ஷாஃப்டாண்ட ஓடியாந்து அழுவாங்க. நான் எத்தினி வாட்டி பாத்தவன். ஒரு இடுப்பு எலும்புக்கு சைரன் ஊதச் சொல்றியா? எழுந்துக்கலாம்னு பாத்தேன், முடியல. நாளைக்கு எழுந்துக்கலாம்னு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் வாழ்நாள் பூரா மற்றவர்களுக்காக ஆணியைப் பார்த்து நின்றவர். தன் ஆணியை அடுத்தவர் பார்ப்பது அவருக்கு வெட்கம். பொத்தானை அவர் படுத்துக்கொண்டே அழுத்தலாம். டோக்கனை மாற்றக் கேட் வரை அவர் நடந்தாகவேண்டும், அங்கே ஏமாற்ற வழியில்லை. இது எனக்கும் இப்போதுதான் புரிகிறது. முதலிலேயே தெரிந்திருந்தால் உன் கழுத்தில் பலகையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பேன்.

மாசக் கடைசிக்கு வேன் சொல்லியிருக்கிறேன். அவரை ராய்ச்சூருக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டை விற்பதாக முடிவு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சங்கத்துக்கு முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கவேண்டுமாமே, இதுவே அந்தத் தெரிவிப்பு.

ஷைலா

*

வீட்டு எண் 31
25 ஆகஸ்ட் 2024

ஷைலா,

தெரிவிப்பு கிடைத்தது. முத்திரை குத்தவில்லை. மை காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இன்று காலை அவசரப் பொதுக்குழு கூட்டினேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று பாபு சொன்னார், வந்திருக்கலாம். ரவிகுமார் சார் கேட்டார்: "நீங்க போட்ட தீர்மானத்த நீங்களே ரத்து பண்றீங்களா மேடம்? சங்கத்துக்கு மரியாத இன்னா ஆவும்?" நான் சொன்னேன்: "கழட்டுனவளே மாட்டுறேன் சார். வேற யாரு மாட்டுனாலும் எனக்குக் கோபம் வரும்." சிரித்துவிட்டார்கள், தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பலகை பழைய இடத்தில் இல்லை. கேட்டுக்கு உள்பக்கம், கங்கம்மா வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. டோக்கனில் வீட்டு எண் கிடையாது, ஆளுக்கு ஒரு நம்பர் அவரவர் இஷ்டப்படி. யாருடையது எது என்று உள்ளே இருக்கிற நமக்குத் தெரியும், திருடனுக்குத் தெரியாது. அதில் நான் சொன்னது சரிதான், விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒன்பது மணிக்குப் பார்க்கிற பொறுப்பு கங்கம்மாவுக்கு. கமிட்டியில் அவரைச் சேர்த்தாயிற்று. முதல் கூட்டத்திலேயே என் பேச்சை இரண்டு முறை மறித்தார். ஆப் இருக்கட்டும், தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல அது போதும்.

உன் அப்பாவுக்கு நடக்க வரும் வரைக்கும் அவர் டோக்கனை யாரும் மாற்றக்கூடாது. அது இடது பக்கமே தொங்கும். தினமும் ஒன்பது மணிக்கு யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். யார் என்றைக்கு என்று தெருவே பிரித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை என் முறை. அவர் வெட்கப்பட்டால் படட்டும், பழகிவிடும்.

நீ முடிவு செய்துவிட்டாய் என்று தெரியும். வேன் வருவதற்கு முன்னால் அவரிடம் ஒரு தடவை கேள். நான் கேட்காமல் செய்ததைத்தான் நீயும் செய்யப்போகிறாய்.

வினோலியா

*

ராய்ச்சூர்
30 செப்டம்பர் 2024

வினோ,

அன்று வேன்காரரைத் திருப்பி அனுப்பினதை நீ ரயிலில் இருந்ததால் பார்க்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்து, கட்டில் ஓரத்திலிருந்து வாசற்படி வரை வந்து, வேன்காரரிடம், "நீ போப்பா, டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அறுவை முடிந்து அவர் தானாக நடந்தது அதுதான் முதல் தடவை. உன் கடைசி வரிக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் கேட்டேன், அதற்கு நன்றி.

வேலைக்காரம்மா காலையும் சாயங்காலமும் வருகிறார். மற்றபடி உங்கள் கையில்தான் விட்டு வந்திருக்கிறேன். போன வாரம் முதல் அவரே கேட் வரை போய் டோக்கனை மாற்றுகிறாராம். போய் வருவதற்குள் கங்கம்மா ஜன்னலில் நின்று வழியெல்லாம் திட்டுகிறாராம், வேகமாக நடக்கிறார் என்று.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் நீ போன் செய்யாதே, கடிதம் எழுது. போனில் எல்லோரும் நல்லாத்தான் இருக்கிறார்கள்.

ஷைலா

*

பங்காருபேட்டை
21 நவம்பர் 2024

ஷைலா,

மேலே ஊர்ப் பெயரைப் பார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். டெங்குதான். இப்போது பரவாயில்லை, நிஜமாகவே.

நீ போனபிறகு உன் அப்பா எனக்கும் ஒரு டோக்கன் அடித்துக் கொடுத்தார். "எனக்கு எதுக்கு அங்கிள், எனக்கு வயசு நாப்பத்தி மூணு" என்றேன். "ஒண்டியாத்தானே கீறே, மாட்டு" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கினேன். தினமும் ரயிலுக்கு ஓடும்போது இருட்டில் தடவித் தடவி மாற்றிவிட்டுப் போவேன். கங்கம்மாவுக்கு அப்போதுதான் திருப்தி.

போன வாரம் ஒரு நாள் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. ஆபீசுக்கு லீவ் மெசேஜ் போட்டேன், ஒரு மாத்திரை போட்டுப் படுத்தேன். லேஅவுட் பூராவுக்கும் செயலாளர் நான், என் டோக்கன் எந்தப் பக்கம் தொங்குகிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வாக்கர் சத்தமும் கேட்டது. பதினேழாம் வீட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு, அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, அவரே வந்திருக்கிறார்.

"வினோ. உன் டோக்கன் மாறல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு காய்ச்சலுக்கு இந்த மனுஷரை நடக்க வைத்துவிட்டோமே என்று. படுத்தபடியே குரலைத் தெளிவாக்கிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற மாதிரி சொன்னேன்: "நல்லாத்தான் இருக்கேன் அங்கிள். சும்மா தூங்கிட்டேன். நீங்க போங்க."

வெளியே வாக்கர் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு கதவுக்குப் பக்கத்தில், சின்னக் குரலில் கேட்டது.

"அத எழுந்து வந்து, நின்னுகினு சொல்லு."

எழுந்தேன். கட்டிலைப் பிடித்தேன், சுவரைப் பிடித்தேன், கதவு வரைக்கும் வர முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, "முடியல அங்கிள்" என்று கத்தினேன். அவர், "சரி, உக்காரு, வரோம்" என்று சொல்லிவிட்டு, திரும்பித் தெருவைப் பார்த்துக் கங்கம்மாவைக் கூப்பிட்டார். கங்கம்மா கத்தினது நாலு தெருவுக்கும் கேட்டிருக்கும்.

நாளை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வரும் வரை என் டோக்கனை யாரும் தொடக்கூடாது என்று உன் அப்பா பலகை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். போனதும் முதலில் அதை மாற்றவேண்டும், நானே நடந்து போய்.

வினோலியா